இரண்டு பாறைகளும் கொஞ்சம் புகையும்

1981ஆம் ஆண்டில் வெளியான 'கேலக்ஸி ஆஃப் டெரர்' என்ற படத்தைச் சென்ற வாரம் இரண்டாம் முறையாகப் பார்த்தேன். இம்முறை நடிகர்களைவிட அவர்களுக்குப் பின்னால் இருந்த சுவரின் மீதுதான் என் கண் அதிகம் போனது. நடைபாதைக் காட்சி ஒன்றில் படத்தை நிறுத்தி, திரைக்கு மிக அருகில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தேன். தூரத்திலிருந்து பார்க்கும்போது ஏதோ பெரிய இயந்திரத்தின் உட்பாகம் போலத் தோன்றும் அந்தச் சுவரில், ஒரே அளவிலான புடைப்புகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. அவை ஹாம்பர்கர் வைத்துக் கொடுக்கும் தெர்மாகோல் பெட்டிகள். அவற்றைச் சுவரில் நெருக்கமாக ஒட்டி, மேலே சாயம் அடித்து, பக்கவாட்டிலிருந்து கொஞ்சம் வெளிச்சம் விழும்படி செய்திருக்கிறார்கள். விஷயம் தெரிந்த பிறகு அதைப் பார்த்துச் சிரிப்பு வரும் என்றுதான் நினைத்தேன், வரவில்லை. விளக்கு மங்கிய அடுத்த காட்சியில் அது மறுபடியும் விண்கலமாகவே ஆகிவிட்டது.

அந்தச் சுவரைச் செய்தவர் ஜேம்ஸ் கேமரூன். அப்போது அவர் இயக்குநர் அல்லர். தயாரிப்பாளர் ரோஜர் கோர்மனிடம் தயாரிப்பு வடிவமைப்பாளராகவும் இரண்டாம் படப்பிடிப்புக் குழுவின் இயக்குநராகவும் வேலை பார்த்தவர். படத்தை இயக்கியவர் புரூஸ் டி. கிளார்க். பின்னாளில் நடிகராகப் பெயர் வாங்கிய பில் பாக்ஸ்டனும் அந்த அரங்க வேலையில் இருந்தார். கோர்மனின் படப்பிடிப்புத் தளமே ஒரு காலத்தில் மரக்கிடங்காக இருந்த இடம்தான். பணம் குறைவு, நாட்கள் குறைவு, ஆட்கள் இளைஞர்கள், யாருக்கும் தூக்கம் கிடையாது என்ற நிலையில் எடுக்கப்பட்ட படம் அது.

விண்வெளியில் நடக்கும் திகில் படங்களை, அதிலும் குறைந்த செலவில் எடுக்கப்பட்டவற்றை, நான் பல ஆண்டுகளாகத் தேடித் தேடிப் பார்த்து வருகிறேன். அவற்றில் பெரும்பாலானவை மோசமான படங்கள் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இத்தனை படங்களைப் பார்த்ததில் ஒன்று எனக்கு உறுதியாகப் பட்டிருக்கிறது. கையில் இருந்த சொற்பப் பணத்தையும் கவனத்தையும் அரக்கன் மீது கொட்டிய படங்கள் படுத்துவிட்டன. சுவரின் மீது செலவழித்த படங்கள் இன்றைக்கும் நிற்கின்றன. ஏனெனில் விண்வெளிக் கதையில் முதல் ஆபத்து அரக்கன் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் எதுவுமே இல்லை என்பதுதான் முதல் ஆபத்து. அந்த ஆபத்தைப் பார்வையாளர் நம்பிவிட்டால், அரக்கன் எப்படி இருந்தாலும் பரவாயில்லை. நம்பாவிட்டால், எவ்வளவு நல்ல அரக்கனைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் அது ரப்பர் உடைதான்.

ரப்பர் உடை என்றதும் 1958இல் வந்த 'இட்! தி டெரர் ஃப்ரம் பியாண்ட் ஸ்பேஸ்' நினைவுக்கு வருகிறது. எட்வர்ட் எல். கான் இயக்கிய, 69 நிமிடம் மட்டுமே ஓடும் கறுப்பு வெள்ளைப் படம். செவ்வாயிலிருந்து திரும்பும் கலத்துக்குள் ஓர் உயிரினம் ஒளிந்து ஏறிவிடுகிறது, கதை அவ்வளவுதான். அரக்கனாக நடித்தவர் ரே கோரிகன். முகமூடி அவருடைய முகத்துக்குச் சரியாகப் பொருந்தாமல் போய், வாய்ப்பகுதி வழியாக அவருடைய மோவாய் வெளியே துருத்திக்கொண்டு நின்றது. புதிய முகமூடி செய்ய நேரமும் கிடையாது, பணமும் கிடையாது. ஒப்பனைக்காரர் அந்த மோவாய்க்கே சாயம் பூசி, அதை அரக்கனின் நாக்காக்கிவிட்டார். குளோஸ்-அப்பில் உற்றுப் பார்த்தால் நாக்கு என்று நினைத்தது ஒரு மனிதனின் மோவாய் என்பது தெரிந்துவிடும். அதற்குப் பிறகு அந்த அரக்கனைக் கண்டு யாரும் பயப்பட முடியாது.

ஆனாலும் அந்தப் படம் வேலை செய்கிறது. காரணம் அந்தக் கலம் கட்டப்பட்டிருக்கும் விதம். அது ஒன்றன்மேல் ஒன்றாகத் தளங்களை அடுக்கிய ஒரு கோபுரம். தளத்துக்குத் தளம் நடுவில் ஒரு மூடி. கீழ்த்தளத்தில் இருக்கும் உயிரினம் ஒவ்வொரு மூடியாக உடைத்துக்கொண்டு மேலே வருகிறது. மனிதர்கள் ஒவ்வொரு தளமாக விட்டுக்கொடுத்துக்கொண்டு மேலே ஏறுகிறார்கள். கடைசித் தளத்துக்கு மேலே ஏறுவதற்கு இடமில்லை. இந்த ஒரு ஏற்பாட்டுக்குப் பெரிய செலவு எதுவும் இல்லை. ஒரே அரங்கின் சாமான்களை மாற்றி மாற்றி வைத்தாலே பல தளங்கள் கிடைத்துவிடும். ஆனால் பார்ப்பவர் மனத்தில் ஒரு கணக்கு ஓடத் தொடங்கிவிடுகிறது: இன்னும் எத்தனை மூடி மிச்சம்? இடையில் அந்த வீரர்கள் மூடிய கலத்துக்குள்ளேயே கையெறி குண்டையும், அதற்கும் மேலே போய்த் தோளில் வைத்துச் சுடும் ராக்கெட்டையும் பயன்படுத்துவதை நான் மன்னித்துவிட்டேன். முடிவில் அவர்களைக் காப்பாற்றுவது அந்த ஆயுதங்கள் எதுவும் இல்லை என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். கலத்திலிருந்து காற்றை வெளியேற்றிவிடுகிறார்கள். உயிரினம் மூச்சு முட்டிச் சாகிறது. சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த வெறுமைதான் கடைசியில் உள்ளே வந்து காரியத்தை முடிக்கிறது.

கேமரூனின் தெர்மாகோல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நிஜமான சுவர்களைப் பற்றியும் யோசனை ஓடியது. சந்திரனில் மனிதர்களை இறக்கிய அப்பல்லோ கலத்தின் சுவர், எடையைக் குறைப்பதற்காகச் சில இடங்களில் ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர் தடிமனுக்கு இழைக்கப்பட்டிருந்தது. ஒரு ஹாம்பர்கர் பெட்டியின் தெர்மாகோல்கூட அதைவிடக் கனமாக இருக்கும். ஆக, 'இது என்ன அட்டைச் சுவர்' என்று நாம் கேலி செய்யும் அரங்கம், தடிமன் என்ற ஒரு விஷயத்தில் மட்டுமாவது உண்மையைவிடத் தாராளமாகவே இருந்திருக்கிறது.

2018 ஆகஸ்ட் மாத இறுதியில் சர்வதேச விண்வெளி நிலையத்தில் காற்றழுத்தம் மிக மெல்லக் குறையத் தொடங்கியது. தேடிப் பார்த்ததில், நிலையத்தோடு இணைந்திருந்த சோயுஸ் கலத்தின் சுவரில் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு துளை இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். ஜெர்மனியைச் சேர்ந்த விண்வெளி வீரர் அலெக்சாண்டர் கெர்ஸ்ட் அதன்மேல் சிறிது நேரம் விரலை வைத்து அடைத்தார். பிறகு நாடாவும் பசையும் கொண்டு அடைப்பைச் செய்து முடித்தார்கள். யாருக்கும் எந்தத் தீங்கும் நேரவில்லை. இருந்தாலும், ஒரு விரலின் தோலுக்கு ஒரு புறம் நண்பர்கள், கருவிகள், வெளிச்சம். மறுபுறம் வெற்றிடம் என்ற அந்த ஒரு நிமிடத்தை எந்தக் கணினி வரைகலையும் இல்லாமல் ஒரே ஒரு குளோஸ்-அப்பில் எடுத்துவிடலாம். ஒரு விரல், ஒரு துளை, ஒரு முகம். நான் பார்த்த பல படங்களின் பிற்பாதியில் வரும் சதைப் பிண்டங்களுக்கு ஆன செலவில் இதைப்போல் நூறு காட்சிகள் எடுத்திருக்கலாம்.

சுவர் உடைந்தால் என்ன ஆகும் என்பதையும் இந்தப் படங்கள் பெரும்பாலும் தவறாகவே காட்டுகின்றன. உடல் வெடிக்கிறது, கண் பிதுங்குகிறது, நொடியில் உறைகிறது. 1966இல் ஹூஸ்டனில் நாசாவின் வெற்றிட அறை ஒன்றில் விண்வெளி உடையைச் சோதித்துக்கொண்டிருந்த ஜிம் லெப்ளாங்க் என்பவருடைய அழுத்தக் குழாய் கழன்றுவிட்டது. ஏறத்தாழ 14 நொடிகளில் அவர் நினைவிழந்தார். அறைக்குள் உடனே காற்றைச் செலுத்தியதால் உயிர் பிழைத்தார். நினைவு தப்புவதற்கு முன்பு கடைசியாக அவர் உணர்ந்தது, தன் நாக்கில் இருந்த எச்சில் கொதித்துக் குமிழியிட்டதைத்தான் என்று பின்னர் சொன்னார். அழுத்தம் இல்லாத இடத்தில் உடல் வெப்பத்திலேயே நீர் கொதித்துவிடும் என்பது பாடப்புத்தகத்தில் படித்த விஷயம்தான். ஆனால் அது ஒரு மனிதனின் நாக்கில் நடந்தது என்று கேட்கும்போது, என் வாயில் ஊறும் எச்சிலை நானே ஒரு கணம் கவனிக்கிறேன். வெடிக்கும் உடலைவிட இது மலிவானது. என்னைப் பொறுத்தவரை கொடூரமானதும்கூட.

மறுபடியும் 'கேலக்ஸி ஆஃப் டெரர்'. ஒரு மீட்புக் குழு அறியாத கோள் ஒன்றில் இறங்குகிறது. அங்கே இருக்கும் பிரமிடுக்குள் நுழையும் ஒவ்வொருவரையும் அவரவர் மனத்தில் இருக்கும் பயமே உருவெடுத்துக் கொல்கிறது. குறைந்த பணத்தில் படம் எடுப்பவருக்கு இதைவிடத் தோதான கதை அமையாது. ஒரே அரக்கனை நம்பிப் பணத்தைப் போட வேண்டாம். காட்சிக்குக் காட்சி புதிதாக எதையாவது செய்துகொள்ளலாம். ஒரு காட்சியில் தரையில் கிடக்கும் துண்டான கையின்மேல் புழுக்கள் நெளிய வேண்டும். உண்மையான புழுக்களைக் கொண்டுவந்து போட்டார்கள். அவை அசையாமல் அப்படியே கிடந்தன. கேமரூன் அந்தப் பொம்மைக் கைக்கு மறைவாக ஒரு மின்கம்பியை இழுத்துவந்து, தான் 'ஆக்‌ஷன்' என்று சொல்லும்போது மின்சாரத்தைக் கொடுக்குமாறு ஓர் ஆளை அரங்கின் பின்னால் உட்கார வைத்தார். சொன்னதும் புழுக்கள் துடித்து நெளிந்தன; 'கட்' சொன்னதும் நின்றுவிட்டன. அந்த நேரத்தில் அந்தப் பக்கமாக வந்த இரண்டு தயாரிப்பாளர்கள் கம்பியைக் கவனிக்கவில்லை. இந்த இளைஞர் புழுக்களிடமே நடிப்பு வாங்குகிறாரே, நடிகர்களிடம் எப்படி வாங்க மாட்டார் என்று வியந்து, 'பிரானா' படத்தின் இரண்டாம் பாகத்தை இயக்கும் வாய்ப்பை அவருக்குக் கொடுத்தார்கள். இதைக் கேமரூனே சொல்லியிருக்கிறார். சொல்லும்போது கொஞ்சம் மெருகு ஏறியிருக்கலாம் என்றுதான் தோன்றுகிறது. கதை சொல்வது அவருடைய தொழில் அல்லவா?

இந்தப் படத்தில் எனக்கு ஏற்க முடியாத இடமும் ஒன்று உண்டு. ஒரு பெண் கதாபாத்திரத்தின் மரணத்தை, ஒரு பெரிய புழுவைக் கொண்டு, பாலியல் வன்முறையாகக் காட்டியிருக்கிறார்கள். பயமுறுத்துவதற்காக அந்தக் காட்சி அங்கே வைக்கப்படவில்லை. டிக்கெட் விற்பதற்காக வைக்கப்பட்டிருக்கிறது என்பது பார்த்தவுடனேயே தெரிகிறது. முதல் முறை பார்த்தபோதே அருவருப்பாக இருந்தது, இரண்டாம் முறை அந்தப் பகுதியைத் தள்ளிவிட்டுப் பார்த்தேன். படம் எதையும் இழக்கவில்லை.

கோர்மன் சுவரின் மதிப்பு தெரிந்த மனிதர் என்பதற்கு இன்னொரு சான்று, 1982இல் அவர் தயாரிப்பில் வந்த 'ஃபர்பிடன் வேர்ல்ட்'. ஆலன் ஹோல்ஸ்மேன் இயக்கிய அந்தப் படத்தில், 'கேலக்ஸி ஆஃப் டெரர்' படத்துக்காகச் செய்த அரங்கத்தின் பகுதிகளையே மறுபடியும் எடுத்துப் பயன்படுத்தினார்கள். தொடக்கத்தில் வரும் விண்வெளிச் சண்டைக் காட்சிகளோ, 1980இல் வந்த 'பேட்டில் பியாண்ட் தி ஸ்டார்ஸ்' படத்தில் ஏற்கெனவே வந்தவை. ஒரு படத்துக்குச் செலவழித்த பணத்தை மூன்று படங்களில் வசூலித்துக்கொள்ளும் கணக்கு இது. படம் சுமார்தான், ஆனால் புற்றுநோயால் செத்துக்கொண்டிருக்கும் விஞ்ஞானி ஒருவரின் கட்டியையே அரக்கனுக்கு ஊட்டி அதைக் கொல்லும் அந்த முடிவைக் கேட்டவர்கள் யாரும் மறக்க மாட்டார்கள்.

பணமில்லாத போது சிரிக்க வைக்கவும் முயன்றிருக்கிறார்கள். ஜான் கார்பென்டரும் டான் ஓபேனனும் மாணவர்களாக இருந்தபோது தொடங்கி, 1974இல் ஏறத்தாழ 60,000 டாலர் செலவில் முழுநீளப் படமாக வெளியிட்ட 'டார்க் ஸ்டார்' படத்தின் வேற்றுக்கிரகவாசி, கடற்கரையில் விளையாடும் பெரிய காற்றுப் பந்து ஒன்றுக்குக் கால் நகங்களைப் பொருத்திய உருவம். அந்தப் பந்து கலத்துக்குள் ஓடி ஒளிய, ஓபேனன் நடித்த பாத்திரம் அதைத் துரத்துகிறது. சில ஆண்டுகள் கழித்து அதே ஓபேனன் அதே நிலைமையை, அதாவது கலத்துக்குள் அலையும் ஓர் உயிரினத்தையும் அதைத் தேடி அலையும் வேலையாட்களையும், சிரிப்பை நீக்கிவிட்டு எழுதினார். அதுதான் 1979இல் ரிட்லி ஸ்காட் இயக்கி வந்த 'ஏலியன்'. ஒரு கோடி டாலருக்கு மேல் செலவான அதை ஏழைப் படம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் ஏழைப் படங்களின் புத்தி அதற்குள் இருக்கிறது. தரையிறங்கும் கலத்தின் கால் பெரிதாகத் தெரிய வேண்டும் என்பதற்காக, ஸ்காட் தன் பிள்ளைகள் உள்ளிட்ட சிறுவர்களுக்குச் சிறிய அளவில் தைத்த விண்வெளி உடைகளைப் போட்டு அதன் பக்கத்தில் நடக்கவிட்டார். அரங்கத்தை இரண்டு மடங்கு பெரிதாகக் கட்டுவதற்குப் பதில் மனிதர்களைப் பாதியாக்கிவிட்டார்.

ஒலியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. இந்த வகைப் படங்களை ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு பார்க்க வேண்டும் என்பது என் பிடிவாதம். சுவர் கண்ணுக்குத் தெரிவதைவிடக் காதுக்குத்தான் அதிகம் தெரியும். எடையின்மையில் சூடான காற்று மேலே எழும்பாது. நாம் விடும் மூச்சு முகத்தைச் சுற்றியே தேங்கி நிற்கும். அதனால் விண்வெளி நிலையத்தில் மின்விசிறிகள் இரவு பகலாக ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அங்கே இருப்பவர்களுக்கு அந்த இரைச்சல் தொல்லைதான். ஆனால் அது நின்றுவிட்டால் தொல்லை வேறு வகையானது. ஒரு திகில் பட இயக்குநருக்கு இது இனாமாகக் கிடைத்த வரம் என்று நான் நினைக்கிறேன். முதல் காட்சியிலிருந்து ஒரு மெல்லிய இரைச்சலை ஓடவிட வேண்டும். பார்ப்பவர் அதைக் கேட்பதையே மறந்துபோகும் அளவுக்கு ஓடவிட வேண்டும். பிறகு ஐம்பதாவது நிமிடத்தில், எந்த இசையும் இல்லாமல், அதை நிறுத்த வேண்டும். நான் பார்த்தவற்றில் பெரும்பாலான படங்கள் அந்த இடத்தில் வயலினை அலறவிட்டு வாய்ப்பைக் கெடுத்துக்கொள்கின்றன.

2003 அக்டோபரில் சீனாவின் முதல் விண்வெளி வீரராக ஷென்ஷோ-5 கலத்தில் தனியாகச் சென்ற யாங் லிவேய், பயணத்தின்போது அவ்வப்போது யாரோ கலத்தைத் தட்டுவது போன்ற ஓசையைக் கேட்டதாகச் சொன்னார். இரும்பு வாளியை மரச் சுத்தியலால் தட்டுவது போல இருந்ததாம். ஜன்னலுக்குப் போய் வெளியே பார்த்தார், எதுவும் தெரியவில்லை. திரும்பி வந்த பிறகு அதே ஓசையைச் செயற்கையாக எழுப்பிப் பார்க்க முயன்றும் பொருந்தவில்லை. அவருக்குப் பின் சென்றவர்களுக்கும் அந்த ஓசை கேட்டது. அது வழக்கமாக எழும் ஓசைதான், பயப்பட வேண்டாம் என்று அவர்களிடம் முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தார் யாங் லிவேய். வெற்றிடத்தில் ஒலி பயணம் செய்யாது. ஆகவே கேட்டது எதுவாக இருந்தாலும் அந்தச் சுவரிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். ஒரே ஆள், ஒரே அறை, ஒரு தட்டல் ஓசை. அவர் 21 மணி நேரத்துக்கும் மேலாக அங்கே இருந்தார்.

எல்லாவற்றுக்கும் மேலாக நான் வைத்திருக்கும் படம் 1965இல் மரியோ பாவா இத்தாலியில் எடுத்த 'பிளானட் ஆஃப் தி வாம்பயர்ஸ்'. செலவு ஏறத்தாழ 2 லட்சம் டாலர் என்பார்கள். நடிகர்கள் அமெரிக்கா, பிரேசில், ஸ்பெயின், இத்தாலி என்று பல இடங்களிலிருந்து வந்தவர்கள். அவரவர் தம் தாய்மொழியில் வசனம் பேசினார்கள், எதிரில் இருப்பவர் பேசுவது பலருக்குப் புரியவில்லை, பிறகு எல்லாவற்றையும் டப்பிங்கில் சரிசெய்தார்கள். இது படத்துக்குத் தீங்கு செய்யவில்லை, உதவியே செய்திருக்கிறது என்பது என் எண்ணம். ஒருவர் பேசி முடித்த பிறகு மற்றவர் முகத்தில் வரும் அந்தச் சிறிய தாமதம், இறந்தவர்களின் உடலுக்குள் வேறு எதுவோ புகுந்துகொள்ளும் கதைக்கு மிகவும் பொருந்துகிறது. உங்கள் எதிரில் பேசிக்கொண்டிருப்பவர் உண்மையில் அவர்தானா?

அதில் ஒரு காட்சி. இறந்த வீரர்களைப் புதைத்து, மேலே உலோகத் தகடு வைத்து மூடியிருக்கிறார்கள். சிறிது நேரம் எதுவும் நடப்பதில்லை. புகை மட்டும் நகர்கிறது. பிறகு தகடு மெல்ல உயர்கிறது. எழுந்து நிற்பவரின் உடலைச் சுற்றி ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவர் அதைக் கைகளால் மெதுவாகக் கிழித்துக்கொண்டு வெளியே வருகிறார். அந்தக் காட்சிக்கு ஆன பொருட்செலவு சில கெஜம் பிளாஸ்டிக் தாளும் புகையும் வண்ண விளக்குகளும்தான். ஒளிப்பதிவாளராக இருந்து இயக்குநரானவர் பாவா என்பது அந்த விளக்குகள் ஒவ்வொன்றிலும் தெரிகிறது: ஒரு பக்கம் ஊதாவும் மறுபக்கம் பச்சையும் விழ, இடையில் இருக்கும் முகம் யாருடையது என்று ஒரு நொடி தடுமாறுகிறோம்.

அந்தக் கோள் முழுவதையும் அவர் இரண்டே இரண்டு பாறைகளைக் கொண்டு உருவாக்கினார். ரோம் நகரின் சினெச்சித்தா ஸ்டூடியோவில் ஏதோ ஒரு புராணப் படத்தில் பயன்படுத்திவிட்டு மிச்சமாகக் கிடந்த இரண்டு பிளாஸ்டிக் பாறைகள் அவை என்று அவரே சொல்லியிருக்கிறார். கண்ணாடிகளை வைத்து அவற்றைப் பலவாகப் பெருக்கிக் காட்டி, இடைவெளிகளைப் புகையால் நிரப்பியிருக்கிறார்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தப் படத்தை மூன்றாம் முறையாகப் போட்டு, எந்த இரண்டு பாறைகள் என்று கண்டுபிடித்தே தீருவது என்று உட்கார்ந்தேன். உச்சியில் சரிவாக வெட்டுப்பட்ட பாறை ஒன்றை அடையாளம் வைத்துக்கொண்டேன். சில காட்சிகள் கழித்து, நடிகர்களின் பின்னால், இடம் வலமாகத் திரும்பிய நிலையில், அதே வெட்டு தெரிந்தது போல இருந்தது. உறுதி செய்துகொள்ளப் படத்தை நிறுத்திப் பின்னோக்கி ஓட்டினேன். அதற்குள் அங்கே புகை வந்துவிட்டிருந்தது.